முட்டை காக்கும் வாரத்தை வைத்துத் துணைமீன் தேர்வு: 60 செ.மீ. தொட்டியில் ஒரு ஜோடி அபிஸ்டோ

தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், 36 உயரம். கணக்குப் போட்டால் 65 லிட்டர் வரும். மணல், மரக்கட்டை, விளிம்புக்குக் கீழே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் 50 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கிறது. இதில் காக்கட்டூ அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) என்ற குள்ள மீன் ஒரு ஜோடி வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆண் வளர்ந்தால் 8 செ.மீ. வரை போகும், பெண் 5 செ.மீ. அளவில் நின்றுவிடும். சின்ன உடம்புதான். ஆனாலும் சிக்லிட் குடும்பம். இடம் பிடிக்கும், குகை தேடும், குஞ்சு காக்கும். அந்தக் குணத்துக்காகத்தான் ஆசைப்பட்டு வளர்க்கிறோம். அதற்கு வழியில்லாதபடி தொட்டியை நிரப்பிவிட்டால் அப்புறம் அபிஸ்டோ எதற்கு?

துணைமீன் பட்டியல்களில் "சாந்தமானது", "எல்லா மீன்களோடும் சேரும்" என்று எழுதியிருக்கும். சாதாரண நாளுக்கு அது சரி. பெண் அபிஸ்டோ முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கே மாறிவிடும். சாம்பல் நிறத்தில் ஓரமாகத் திரிந்த மீன் பளிச்சென்ற மஞ்சளாகி, கறுப்புக் குறிகள் எடுப்பாகத் தெரிய, தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டும். முட்டை பொரிய ஏறத்தாழ 3 நாள். குஞ்சு நீந்தத் தொடங்க மேலும் 5, 6 நாள். அதன் பிறகு சில வாரம் குஞ்சுக் கூட்டத்தோடு உலா. இந்தக் காலம் முழுக்கத் தரை அதனுடையது. ஆகவே ஒவ்வொரு மீனைப் பற்றியும் நான் கேட்டுக்கொண்டது ஒன்றைத்தான்: அந்த வாரத்தில் இதற்கு ஒதுங்க இடம் இருக்குமா, இது இருப்பதால் தாய்க்கு நிம்மதி கெடுமா?

தரை

இவ்வளவு சின்னத் தொட்டியில் லிட்டரைவிடத் தரைப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். முட்டை காக்கும் பெண், குகையைச் சுற்றி ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரம் வரை யாரையும் அண்டவிடாது. 60-க்கு 30 தரையில் அப்படி ஒரு வட்டத்தை மனதில் போட்டுப் பாருங்கள், மிச்சம் என்ன என்று கண்ணுக்கே தெரியும். இயற்கையில் காக்கட்டூ ஆண் ஒன்றின் எல்லைக்குள் பல பெண்கள் தனித்தனி இடம் வைத்திருக்கும். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு மீட்டர் நீளத் தொட்டியாவது வேண்டும். இங்கே ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். இரண்டாவது ஆண் வேண்டாம். ராம், கிரிபென்சிஸ் மாதிரி வேறு குள்ள சிக்லிட்டும் வேண்டாம். எல்லாமே அதே தரையைத்தான் கேட்கும்.

கூரான ஓரம் இல்லாத நைசான மணலைக் கலங்கல் தெளியும் வரை அலசி 3 செ.மீ. கனத்துக்குப் பரப்பினேன். அபிஸ்டோ மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியாக வெளியே விடும். சரளைக்கல் போட்டால் அந்த வேலை நடக்காது.

குகைக்குத் தேங்காய்ச் சிரட்டை. நார் சுரண்டி, வேகவைத்து, விளிம்பில் பெண் மட்டும் நுழையும் அளவுக்கு, 3 செ.மீ. அகலத்தில் ஒரு வாசல் அறுத்தேன். மூன்று சிரட்டைகள்: இரண்டு முனையில் ஒவ்வொன்று, மரக்கட்டைக்குப் பின்னால் ஒன்று. ஒரு வாசலும் இன்னொன்றைப் பார்க்காதபடி திருப்பி வைத்தேன். பெண் ஒன்றுதானே, மூன்று எதற்கு என்று தோன்றலாம். அது தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்த பின் ஆணுக்கு எதிர் முனையில் ஒரு நிழல் வேண்டும்.

மரக்கட்டையை வைக்கும்போது தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக, மணல் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தேன். ஒரு முனையில் இருந்து மறுமுனை தெரிந்தால் கட்டையை நகர்த்து, ஜாவா ஃபெர்ன் ஒன்றைக் கட்டு, மறுபடி பார். இந்த வேலைக்கு மட்டும் பொறுமையாக நேரம் கொடுங்கள். மேலிருந்து பார்க்க எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், மீனின் கண் மட்டத்தில் திறந்த வெளி இருந்தால் துரத்தல் நிற்காது. பார்வை மறைந்தால் துரத்துகிற மீன் பாதியில் விட்டுத் திரும்பிவிடும்.

மேலே மிதக்கும் செடிகள், தரையில் நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலைகள் சில. இலை ஊறித் தண்ணீர் லேசான தேநீர் நிறத்துக்கு வந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். நான் இரண்டு ஓட விட்டேன். இரண்டாவது, அவசரத்துக்கு ஒரு தனித்தொட்டி தேவைப்பட்டால் பாக்டீரியாவோடு அப்படியே தூக்கிப் போட. மீன் கழிவில் இருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் மீன்.

சூடு 26 டிகிரி. இதற்கு இரண்டு காரணம். நான் மனதில் வைத்திருந்த துணைமீன்கள் எல்லாம் அதில் வசதியாக இருக்கும். இன்னொன்று அபிஸ்டோகிராமாவுக்கே உரியது: குஞ்சு வளரும் தண்ணீரின் சூடு எத்தனை ஆண், எத்தனை பெண் என்பதைப் பாதிக்கும் என்று ரோமர், பைசன்ஹெர்ட்ஸ் இருவரும் 1996-இல் காட்டினார்கள். சூடு ஏறினால் ஆண் கூடும், இறங்கினால் பெண் கூடும். சில இனங்களில் தண்ணீரின் பி.ஹெச்., அதாவது அமில-கார அளவுக்கும் பங்கு உண்டு. நடுவில் நிற்பதே நல்லது.

மேல் தண்ணீருக்கு யார்

அபிஸ்டோ ஜோடியை மட்டும் தனியாக விட்டால் என்ன? விடலாம். ஆனால் பெரும்பாலும் குகைக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கும், ஆள் நிழல் பட்டால் மறையும். ஆணுக்கு விரட்ட வேறு யாரும் இல்லாததால் முழு வேகமும் பெண் மீதே போகும். மேல் தண்ணீரில் ஒரு கூட்டம் நிம்மதியாக நீந்தினால் கீழே இருப்பவை அதைப் பார்த்து வெளியே வரும். தெருநாய் குரைக்காத இரவில் வீட்டில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவது போலத்தான். இப்படி வைக்கும் மீன்களை டிதர் மீன் என்பார்கள்.

இதற்கு வேண்டிய குணங்கள் என் பார்வையில்: தரைக்கு அதிகம் இறங்காத மீன், துடுப்பைக் கடிக்காத மீன், உணவு நேரத்தில் எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிடாத மீன், வாய் சிறிய மீன். கடைசி இரண்டும் பலர் யோசிக்காதவை.

முதல் தேர்வு எம்பர் டெட்ரா, பத்து. பிரேசிலின் அரகுவாயா ஆற்றுப் பகுதி மீன், 2 செ.மீ. தான் வளரும். ஆரஞ்சு நிறம், தேநீர் நிறத் தண்ணீரில் அப்படி ஓர் அழகு. நடுத் தண்ணீரில் தளர்வான கூட்டமாக நிற்கும். நியான் டெட்ராவை விட்டதற்குக் காரணம், அது இன்னும் குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நாள் வாழும் மீன். கார்டினல் டெட்ரா சூட்டைத் தாங்கும், நல்ல துணைதான். ஆனால் அதன் வாய் எம்பரைவிடப் பெரிது, குஞ்சுகளை அதிகம் பிடிக்கும். ராம் வைப்பவர்களுக்கு நான் கார்டினலைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, குள்ளப் பென்சில் மீன் ஆறு. 3 செ.மீ. வளரும். மிதக்கும் செடியின் வேருக்குக் கீழே அசையாமல் தொங்கும், சட்டென்று ஓர் அடி முன்னே போகும், மறுபடி நிற்கும். இந்த நிதானம்தான் எனக்குத் தேவைப்பட்டது. ஆண்கள் தங்களுக்குள் கொஞ்சம் முறைத்துக்கொள்ளும், சேதம் எதுவும் வராது. பென்சில் மீன் குதிக்கும். மூடி இல்லாமல் வைக்கவே கூடாது. கோடரி மீன் இன்னும் மோசமாகக் குதிக்கும், மற்றபடி அதுவும் மேல்மட்டத்துக்கு மிகப் பொருத்தம்.

செர்ப்பே டெட்ரா, டைகர் பார்ப் இரண்டும் துடுப்பைக் கடிக்கும். காக்கட்டூ ஆணின் நீண்ட முதுகு முட்களும் வால் முனைகளும் அவற்றுக்கு இரை. ஏஞ்சல் மீன் இந்தத் தொட்டியை மீறி வளரும். ஃபைட்டர் மீன் மெதுவாக நீந்தும், துடுப்பு நீளம். இங்கே கடிபடப்போவது அதுதான். மோலிக்குக் கடினத் தண்ணீர் வேண்டும். "எல்லாம் தென் அமெரிக்கா மீன்தானே, சேரும்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே கண்டத்தில் இருந்து வந்தது என்பதால் இரண்டு மீன்கள் ஒத்துப்போய்விடாது. தண்ணீரின் சூடு, தங்கும் மட்டம், வாயின் அளவு, இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

கோரிடோராஸ் வேண்டாம் என்று முடிவெடுத்தது

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குள்ள சிக்லிட்டோடு, தரையில் இரை தேடும் சின்னக் கெளுத்தியான கோரிடோராஸ் வைப்பது வழக்கமான சிபாரிசு. எனக்கும் கோரி என்றால் உயிர். ஆனால் இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

கோரியின் உடம்பில் செதிலுக்குப் பதில் எலும்புத் தகடுகள் இருக்கின்றன. சிக்லிட் துடுப்பை விரித்து மிரட்டினால் டெட்ராவுக்குப் புரியும், ஒதுங்கும். கோரிக்கு அந்த பாஷை புரியாது. மூக்கை மணலில் குத்தியபடி நேராகக் குகைக்குள் போகும். பெண் இடித்தால் ஓர் அடி நகர்ந்து மறுபடி அதே இடத்துக்கு வரும். இடி உறைக்காத மீனை என்ன செய்ய முடியும்? பெண் அபிஸ்டோ தகடு இல்லாத இடத்தைத் தாக்கும், அதாவது கண்ணை. நண்பர் ஒருவரின் தொட்டியில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு கண் போன கோரி அப்புறமும் குகைப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மீனுமே பாவம்.

இரவில் நிலைமை தலைகீழ். விளக்கு அணைந்த பின் சிக்லிட்டுக்குச் சரியாகக் கண் தெரியாது. கோரி மீசையால் தடவியே இரை தேடும். முட்டையும், இன்னும் நீந்தாத குஞ்சும் விடிவதற்குள் காலி. கூலி லோச்சுக்கும் இதே கதை, அது இன்னும் இடுக்கான குகைக்குள் போகும். பிரிஸில்நோஸ் பிளீகோ 12 செ.மீ. வளர்ந்து அதே சிரட்டைக்குச் சொந்தம் கொண்டாடும்.

90 செ.மீ., அதற்கு மேல் தொட்டி இருந்தால் என் பதில் வேறு. அங்கே கோரிக் கூட்டத்துக்கு ஒரு பக்கம், தாய்க்கு ஒரு பக்கம் கிடைக்கும். இந்த அளவிலேயே கோரி வேண்டும் என்று ஆசைப்பட்டால் பிக்மேயஸ், ஹஸ்டேட்டஸ் என்ற குட்டி இனங்களைப் பார்க்கலாம். அவை பாதி நேரம் நடுத் தண்ணீரில் நீந்துபவை. குஞ்சு பிழைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இறாலைப் பற்றிச் சுருக்கமாக: செர்ரி இறாலின் குட்டிகள் அபிஸ்டோவுக்கு நல்ல உணவு. நிறைய பாசி இருந்தால் சில தப்பும். கண்ணாடி சுத்தம் செய்ய நெரைட் நத்தை யோசித்தேன். இலை ஊறிய மென்தண்ணீரில் ஓடு அரிக்கும் என்பதால் விட்டேன். தொட்டி நன்றாகப் பழுத்து, இலைகளில் மெல்லிய பாசிப் படலம் வந்த பிறகு பாசி தின்னும் சின்னக் கெளுத்தியான ஓட்டோசின்கிளஸ் நான்கு சேர்த்தேன். அவை கண்ணாடியிலும் இலையிலுமே ஒட்டிக் கிடப்பதால் தாய் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. புதுத் தொட்டியில் மட்டும் விடாதீர்கள், பட்டினியில் போய்விடும்.

சேர்த்த வரிசை

டெட்ரா முதலில், பென்சில் அடுத்து, அபிஸ்டோ கடைசி. ஒவ்வொரு கூட்டமும் மூன்று, நான்கு வாரம் தனித்தொட்டியில் இருந்த பிறகே உள்ளே வந்தது. மலத்துவாரத்தில் சிவப்பு நூல் மாதிரி கமலேனஸ் என்ற குடற்புழு தொங்குகிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா, மலம் வெள்ளையாக இழுக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பெரிய தொட்டிக்குள் வந்த பிறகு இவற்றைத் துரத்துவது பெரும்பாடு. சிக்லிட் முதலில் போனால் முழுத் தொட்டியையும் தனதாக்கிக்கொள்ளும். பின்னால் வருபவை எல்லாம் அத்துமீறி நுழைந்தவையாகிவிடும்.

அபிஸ்டோ உள்ளே விட்ட அன்று இரண்டும் இலைகளுக்கு அடியில் மறைந்தன. மேலே எம்பர் கூட்டம் வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தது. விளக்கு அணைவதற்கு முன்பே ஆண் வெளியே வந்து மணலைச் சலிக்க ஆரம்பித்தது. பெண்ணின் பக்கவாட்டில் நீளக் கறுப்புக் கோடு ஓடினால் அது பயத்திலோ பணிவிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோடு மெல்ல மங்கியபோது எனக்கும் நிம்மதி.

உணவு போடும் முறையைத் துணைமீன்களுக்காக மாற்ற வேண்டியிருந்தது. மேலே தூவினால் எம்பர்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும், கீழே இருப்பவை மெலியும். அதனால் முதலில் வலது முனையில் பொடித்த உணவைத் தூவி மேல்தட்டுக் கூட்டத்தை அங்கே இழுப்பேன். அவை தின்றுகொண்டிருக்கும்போதே இடது பக்கம் நீளமான பிப்பெட் வழியாக, உறைநிலை நீங்கிய ரத்தப்புழுவையோ ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலையோ மணல் மட்டத்தில் விடுவேன். சில நாளில் அபிஸ்டோக்கள் பிப்பெட்டைப் பார்த்தாலே வந்து காத்திருக்கப் பழகிவிட்டன.

அந்த வாரம்

பெண் தேர்ந்தெடுத்தது இடது முனைச் சிரட்டை. வாசல் முன்னால் மணலைக் குவித்து நுழைவை இன்னும் குறுக்கியது. நிறம் மாறியது. ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது கூரையில் சிவப்பு முட்டைகள் ஒட்டியிருந்தன.

எம்பர் கூட்டம் தானாகவே வலது பக்கம், மேல் பாதிக்கு நகர்ந்தது. ஒன்று இரண்டு இடது பக்கம் எட்டிப் பார்த்தால் பெண் சீறி வரும், நடு உயரம் வரை துரத்திவிட்டுக் குகைக்குத் திரும்பும். யாருக்கும் துடுப்பு கிழியவில்லை. பென்சில்கள் வேர்களுக்கு அடியில் இருந்து அசையவே இல்லை. கஷ்டம் ஆணுக்குத்தான், மரக்கட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சின்னத் தொட்டிகளில் ஆண் இந்த வாரத்தில் அடிபட்டே சாவதுண்டு. தினமும் மூன்றைப் பார்த்தேன்: துடுப்பு முழுதாக இருக்கிறதா, உணவுக்கு வருகிறதா, மேல் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா. மூன்றாவது நடந்தால் உடனே தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும், யோசிக்கக் கூடாது. இங்கே அதற்கு அவசியம் வரவில்லை.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஒரு மாற்றம். அதுவரை காவல் குகையைச் சுற்றி இருந்தது. இப்போது குஞ்சுக் கூட்டம் போகும் இடமெல்லாம் காவலும் போனது. தாய் உடம்பைச் சட்டென்று வெட்டி ஆட்டினால் குஞ்சுகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும், மறுபடி ஆட்டினால் எழுந்து பின்தொடரும். பார்க்கப் பார்க்கச் சலிக்காது. கூட்டம் வலது முனைக்கும் வந்தபோது எம்பர்களுக்கு ஒதுங்க இடம் குறைந்தது. வலது மேல் மூலையில் ஜாவா பாசியை ஒரு கைப்பிடி கட்டித் தொங்கவிட்டேன், மிதக்கும் செடிகளைக் கூட்டினேன். மேல் 10 செ.மீ. முழுக்க இலை, வேர், பாசி. தாய் அந்த உயரத்துக்கு வருவதில்லை. பிரச்சினை தீர்ந்தது.

குஞ்சுகளுக்கு, அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியாவைப் பிப்பெட்டில் எடுத்துக் கூட்டத்தின் நடுவே விட்டேன், இடையிடையே மைக்ரோ புழு. ஊறிய இலைகளின் மேல் இருக்கும் நுண்ணுயிர்களையும் அவை நாள் முழுக்கக் கொறித்தன. தண்ணீர் மாற்றுவதை 10 சதவீதமாகக் குறைத்து அடிக்கடி செய்தேன். சிஃபன் குழாயின் முனையில் ஸ்பாஞ்ச் துண்டு செருகி, கூட்டம் இல்லாத முனையில் மட்டும்.

மேலே தவறி வந்த குஞ்சுகளை எம்பர்கள் தின்றன. அதை ஏற்றுக்கொண்டுதான் துணைமீன் வைக்கிறோம். எல்லாக் குஞ்சும் பிழைக்க வேண்டும் என்றால் ஜோடிக்குத் தனித்தொட்டிதான் வழி. இங்கே ஒரு கைப்பிடி அளவு தப்பி வளர்ந்தன, 65 லிட்டருக்கு அதுவே அதிகம்.

இதையே ராம் ஜோடிக்குச் செய்பவர்கள் சூட்டை 28 டிகிரிக்குக் கொண்டு போங்கள். ராம் ஒரினோகோ சமவெளியின் வெதுவெதுப்பான தண்ணீரில் இருந்து வந்தது. குளிர்ந்தால் நோய் பிடிக்கும். குகைக்குப் பதில் தட்டைக்கல் வையுங்கள், திறந்த இடத்தில் முட்டையிடும், இரண்டு பெற்றோரும் காக்கும். அதனால் ஆணை ஒதுக்க இடம் தேவையில்லை. துணைக்கு கார்டினலோ ரம்மிநோஸோ போதும்.

குஞ்சுகள் வளர்ந்து ஆண்களுக்கு முதுகுத் துடுப்பு முட்கள் நீளத் தொடங்கியதும் அப்பா அவற்றைப் போட்டியாகப் பார்க்க ஆரம்பிக்கும். அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது ஸ்பாஞ்ச் ஃபில்டர் இப்போது தனித்தொட்டியில் ஓடுகிறது, முதல் தொகுதி ஆண்களோடு.